மிசினுக்குப் பதினேழு நாள் லீவு

என்ற நெஞ்சுக்குள்ள ஒரு மிசினு இருக்குதுங்க. இடது பக்கம் தோள்பட்டைக்குக் கீழே, தோலுக்கு அடியில, வட்ட பிஸ்கட்டாட்டம். அதுலருந்து ஒரு ஒயரு கழுத்துக்கு ஏறிப் போய் அங்க ஒரு நரம்பைச் சுத்திக்கிட்டு நிக்குது. அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா முப்பது செகண்டு அந்த நரம்புக்குக் கரண்டு குடுக்கும். அது மூளைக்குப் போய் வலிப்பை அடக்கி வெக்குமாம். தொண்ணூத்தொம்பது தை மாசம் கோயமுத்தூர்ல ஒரு ஆஸ்பத்திரியில வெச்சாங்க. மூணு தினுசு மாத்திரை பத்து வருசம் தின்னும் அடங்காத வலிப்புங்க எனக்கு. மாசத்துக்கு நாலு, சில மாசம் அஞ்சு. இனி மாத்திரையைக் கூட்டுனா எந்திரிச்சு நிக்கவே தெம்பிருக்காதுன்னு சொல்லிப்போட்டுத்தான் டாக்டர் சீனிவாசலு இதுக்கு ஏற்பாடு பண்ணுனாரு.

என்ற ஊட்டுக்காரர் தம்பிதுரை, கோயமுத்தூரு கணபதிங்கற எடத்துல மோட்டாருக்குக் காயில் கட்டற பட்டறை வெச்சிருக்கறாரு. டாக்டரு "ஜெனரேட்டர்"னு வாயைத் தொறந்ததுதான் தாமசம், "எத்தனை வோல்ட்டுங்க, ஒயரு என்ன கேஜுங்க, பேட்டரி தீந்தா மேலாப்புல கழட்டி மாத்திக்கலாமுங்களா"ன்னு ஆரம்பிச்சுட்டாரு. பாவம், அந்த மனுசனும் பொறுமையாப் பதில் சொல்லிட்டு வந்தாரு. "பழசு ஒண்ணு இருந்தாக் குடுங்க, பிரிச்சுப் பாத்துட்டு சாயங்காலம் கொண்டாந்து குடுத்தர்றேன்"னு இவரு கேட்டதும் டாக்டரு திரும்பி என்னையப் பாத்தாரு. நான் மேலே சுத்தற ஃபேனைப் பாத்தேன்.

இந்த மிசினுல ஒரு சேட்டை இருக்குது. கரண்டு ஓடற முப்பது செகண்டும் என்ற கொரலு மாறிப்போகும். நல்லாப் பேசிக்கிட்டே இருப்பேன், திடீர்னு கரகரன்னு அசல் ஆம்பளைக் கொரலு வரும். முப்பது செகண்டு முடிஞ்சா பழையபடி புவனா. மொத வாரம் உக்காந்து அழுதேன். ரெண்டாவது வாரம் போன் வந்துச்சு.

மதுக்கரையிலருந்து பாலுசாமின்னு ஒரு வாடிக்கை. மோட்டாரைப் பட்டறையில எறக்குன நாள்லருந்து ஊட்டுக்கு மூணு தடவை போன் பண்ணி என்ற உசுரை எடுக்கற ஆளு. நான் எத்தனை தன்மையாச் சொன்னாலும் "உங்களுக்கென்ன தெரியும், அவரைக் கூப்புடுங்க"ம்பாரு. அன்னிக்கு நான் போனை எடுக்கறதுக்கும் கரண்டு ஓடறதுக்கும் சரியா இருந்துச்சு. "ஆரு?"ன்னேன். அக்கட்டால ஆளு தொண்டையைக் கனைச்சுக்கற சத்தம் கேட்டுச்சு. அப்பறம், "வணக்கமுங்ணா, நம்ம மோட்டாரு..."ன்னு இழுத்தாரு. "வெள்ளிக்கெழமை"ன்னேன். "சரிங்ணா, தொந்தரவு பண்ணிட்டனுங்க"ன்னு வெச்சுட்டாரு.

அன்னிக்கே சுவத்துக் கடியாரத்தைக் கழட்டி போனுக்கு எதுத்தாப்பல மாட்டிப்போட்டேன். அழுத்தமாச் சொல்ல வேண்டிய சேதி எதுவா இருந்தாலும் அந்த முப்பது செகண்டுக்குன்னு எடுத்து வெச்சுக்குவேன். கேஸ் சிலிண்டர் தராம இழுத்தடிச்ச ஏஜென்சிக்காரன் மறுநாளே கொண்டாந்து எறக்குனான். பட்டறையில ஒரு வாரமா லீவு கேக்காம நின்னுக்கிட்ட சின்னானை அவன் ஊட்டுக் கதவுக்கு வெளிய நின்னு பேர் சொல்லிக் கூப்பிட்டேன், மொதலாளின்னு நெனச்சு ஓடியே வந்துட்டான். ஊட்டுக்காரருக்குத் தெரிஞ்சு, "உனக்கு வெச்சது வலிப்புக்கா குசும்புக்கா"ன்னு கேட்டாரு. ரெண்டுக்குந்தான்னேன்.

வலிப்பும் கொறஞ்சுதான் வந்துச்சு. சித்திரையில மாசத்துக்கு ரெண்டாச்சு. ஆனியில ஒண்ணு. வந்தாலும் முந்தி மாதிரி அஞ்சு நிமிசம் போட்டு அடிக்கறதில்லை, சீக்கிரம் உட்டுரும். அந்த நேரத்துலதான் வெள்ளகோவில்ல என்ற தம்பி கதிர்வேலுக்குக் கலியாணம் கூடுச்சு.

இதுல எனக்கு ஒரு ஆசைங்க. எங்க கலியாணத்துல இணைச்சீருன்னு ஒண்ணு உண்டு. மாப்பிள்ளையும் அவன் கூடப்பொறந்தவளும் மேடையில சேர்ந்து நிக்கோணும். அவ தலையில பேழைமூடிக் கூடை. பொண்ணுக்குக் கட்டப்போற கூறைச்சேலையோட ஒரு முனை அவன் கையில, இன்னொரு முனை இவ கையில. ஆயிரம் ஒறம்பரை வந்தாலும் அந்த எடத்துல நிக்கறதுக்குக் கூடப்பொறந்தவளுக்குத்தான் பாத்தியதை. கதிர்வேலுக்குக் கூடப்பொறந்தது நான் ஒருத்திதான். நான் நிக்கோணும். இதுதானுங்க ஆசை, வேற ஒண்ணும் பெருசா இல்லை.

ஆனா நான் எந்தக் கலியாணத்துலயும் மேடைப்பக்கம் போய் அஞ்சு வருசமாச்சு. பெரியப்பா மகன் கலியாணத்துல பந்தியில உக்காந்தவ அப்படியே எலைமேல உழுந்துட்டேன். பரிமாறிக்கிட்டிருந்த சாம்பார் வாளியும் எங்கூடவே உழுந்துச்சு. அன்னிலருந்து எந்த விசேசத்துக்குப் போனாலும் வாசல்லயே ஒருத்தர் வந்து கையைப் புடிச்சுக்குவாங்க. "வா கண்ணு, நீ உள்ளார இரு கண்ணு." உள்ளாரன்னா சாமான் ரூம்பு. ஒம்பது கலியாணம் நான் தேங்காய்ச் சாக்குக்கும் வெத்தலைக் கட்டுக்கும் நடுவுல உக்காந்து முடிச்சிருக்கறேன். நல்லாத்தான் கவனிச்சுக்குவாங்க, காப்பி வரும், பலகாரம் வரும். எனக்கு அந்தக் காப்பியைக் கண்டாலே கடுப்பா இருக்கும்.

எங்க ஊட்டுச் சீருக்கெல்லாம் ராசாத்தாள் அத்தை வெச்சதுதான் சட்டம். எங்கய்யன் கூடப்பொறந்தவங்க. வயசு அறுவது தாண்டியாச்சு, கொரலு வெள்ளகோவில் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்கும். உப்புச்சக்கரை மாத்தி கலியாணம் உறுதி பண்ணுன அன்னிக்கு, இணைச்சீருக்கு ஆருன்னு பேச்சு வந்துச்சு. "அக்காதான்"னு கதிர்வேல் சொன்னான்.

"சித்தப்பன் மக சாந்தாமணி நிக்கட்டும்"னாங்க அத்தை.

"கூடப்பொறந்தவ இருக்கறப்ப அவ எதுக்குங்க அத்தை?"ன்னான் தம்பி.

"மேடையில உழுந்தா என்ன பண்ணுவே? கோபிச்செட்டிபாளையத்துக்காரங்க பொண்ணைக் கூட்டிக்கிட்டு வந்த பஸ்சுலயே ஏறிப் போயிருவாங்க."

"பொண்ணுகிட்ட நான் எல்லாம் சொல்லிட்டேன். 'என்ற தம்பிக்கு வீசிங்கு இருக்குது, அதுக்கு உங்க ஊட்டுல என்ன பண்ணுவீங்க'ன்னு கேட்டா."

"பொண்ணு கேப்பா. பொண்ணோட மாமன் கேக்கோணுமல்ல?"

எனக்கு வந்ததே கோவம். ஆயிரம் பேரு மத்தியில என்னைய வெச்சுக்கிட்டு, நான் அங்க இல்லாத மாதிரியே பேசறாங்க. கரண்டு ஓடட்டும்னு பல்லைக் கடிச்சுக்கிட்டுக் காத்திருந்தேன். ஓடுச்சு. "ஒரு மண்டலம்"னேன் ஆம்பளைக் கொரலுல. மொத்தக் கூட்டமும் ஆரு பேசறதுன்னு திரும்பிப் பாத்துச்சு. "இன்னிலருந்து கலியாணத்துக்கு முந்துன நாள் வரைக்கும் நாப்பத்தெட்டு நாளு. ஒரு வலிப்பு வந்தாலும் சாந்தாமணி நிக்கட்டும். வரலீன்னா நான் நிப்பேன்." அத்தை என்னைய மேலயும் கீழயும் பாத்துப்போட்டு, "செரி, மண்டலத்துக்கு நாஞ்சாட்சி"ன்னாங்க. சாட்சின்னா எப்படின்னு அப்பத் தெரியலை. இருவதாவது நாளு தகரப்பெட்டியோட எங்க ஊட்டு வாசல்ல வந்து எறங்குனாங்க.

வந்த நாள்லருந்து காவல்தான். நான் தும்முனாக்கூட அடுப்படியிலருந்து எட்டிப் பாப்பாங்க. குளிக்கப் போனா வெளிய நின்னு, "இருக்கறயா கண்ணு"ம்பாங்க. "இருக்கறேன்"னு ஆம்பளைக் கொரலுல சொல்லுவேன். கையில இருக்கற சொம்பு கீழ உழற சத்தம் கேக்கும். பக்கத்து ஊட்டு வெங்கடலட்சுமிகிட்ட என்னையப் பத்திப் பொலம்பிக்கிட்டிருந்தப்ப, பின்னாலருந்து போய், "ராசாத்தாள்"னு பேர் சொல்லிக் கூப்பிட்டேன். செத்துப்போன மாமன் கொரலாட்டமே இருந்துச்சுன்னு ரெண்டு நாளு எங்கூடப் பேசலை. அது கொஞ்சம் அதிகந்தான், ஒத்துக்கறேன். ஆனா அவிய எது சொன்னாலும் நக்கலடிக்கறதுன்னு நான் அப்ப கங்கணம் கட்டிக்கிட்டிருந்தேன்.

மிசினோட ஒரு காந்தமும் குடுத்திருந்தாங்க. கையில கட்டிக்கறாப்பல, வாட்ச்சாட்டம். வலிப்பு வர்றதுக்கு முன்னால எனக்கு நாக்குல செப்புக்காசு ருசி தட்டும். அப்பக் காந்தத்தை மிசினு மேலே ஒரு தடவை ஓட்டி எடுத்தோம்னா கூடுதலா ஒரு கரண்டு ஓடும், பல சமயம் வலிப்பு அதோட நின்னுக்கும். அதே காந்தத்தை எடுக்காம அங்கயே வெச்சிருந்தா மிசினு வேலையே செய்யாது, எடுக்கற வரைக்கும் நின்னுபோகும். இந்த ரெண்டையும் டாக்டரு தெளிவாச் சொல்லித்தான் குடுத்தாரு.

அத்தைக்கு இதை வெளக்குனது என்ற ஊட்டுக்காரரு. அவருக்கு எதையாச்சும் வெளக்கோணும்னா சோறு தண்ணி வேண்டாம். ஆனா ஒண்ணையும் முழுசா முடிக்க மாட்டாரு. "இங்க பாருங்க பெரியம்மா, வலிப்பு வர்றாப்பல இருந்துச்சுன்னா இந்தக் காந்தத்தை இப்படி நெஞ்சுக்கிட்ட கொண்டு போகோணும். வர்றது நின்னுபோகும்"னு அவரு சொல்லிக்கிட்டிருக்கும்போதே பட்டறையிலருந்து ஆளு வந்து கூப்புட்டான். "வாரேன்"னு எந்திரிச்சுப் போனவரு போனவருதான். அத்தை பாதி வெளக்கத்தோட உக்காந்திருந்தாங்க.

இருவத்திநாலாவது நாளு காத்தால அத்தை எனக்கு ஒரு மஞ்சத்துணி முடிச்சைக் குடுத்தாங்க. சின்னது, உள்ளாற என்னமோ கெட்டியா இருந்துச்சு. ஊர்ல அம்மன் கோயில்ல மந்திரிச்சதாம், ரவிக்கைக்கு உள்பக்கமா இடது பக்கத்துல ஊக்குல குத்திக்கோணுமாம், மண்டலம் முடியற வரைக்கும் எடுக்கக்கூடாதாம். நக்கலடிக்கலாம்னுதான் வாயெடுத்தேன். அவிய மொகத்தைப் பாத்தா ராத்திரி தூங்குன மாதிரியே தெரியலை. போய்த் தொலையுதுன்னு குத்திக்கிட்டேன்.

அன்னிக்கு மத்தியானத்துலருந்து என்ற கொரலு மாறவே இல்லைங்க.

அஞ்சு நிமிசமாச்சு, பத்து நிமிசமாச்சு, ஒரு நாளாச்சு. நல்ல கொரலு, பழைய கொரலு. போன்ல பாலுசாமி, "அண்ணன் இல்லீங்களா"ன்னு கேட்டாரு. அண்ணன் வெளியூருன்னேன். நான் ஏழு மாசமா நாலு வார்த்தை சேர்த்து நிம்மதியாப் பேசலைங்கறது அப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது. பேசிக்கிட்டே இருந்தேன். ஊட்டுக்காரர் காதைப் பொத்திக்கிட்டுப் பட்டறைக்கு ஓடுனாரு. அத்தை மட்டும் ஒண்ணும் சொல்லாம என்னைய வெச்ச கண்ணு வாங்காமப் பாத்துக்கிட்டு, மனசுக்குள்ளயே சிரிச்சுக்குவாங்க.

இங்க ஒண்ணு உங்களுக்கு ஒளிக்காமச் சொல்லிப்போடறேன். கரண்டு ஓடலீன்னா உடனே வந்து காட்டோணும்னு டாக்டரு சொல்லியிருந்தாரு. எனக்குச் சந்தேகம் வந்துச்சு. கழுத்துக்குள்ள அந்தக் கடுகடுப்பு இல்லை, நெஞ்சுல எதுவும் தெரியலை. ரவிக்கை மாத்தறப்ப கழட்டுன ஊக்கு தானாவே போய் முடிச்சுல ஒட்டிக்கிட்டு நிக்குது, அதைப் பாத்தும் எனக்கு ஒறைக்கலை. காயில் கட்டறவன் பொண்டாட்டி, பட்டறையில காந்தத்தைப் பாத்துப் பழகுனவ, எனக்கே ஒறைக்கலைன்னா பாத்துக்குங்க. மிசினு நின்னுபோச்சோன்னு நாலு தடவை போனுக்கிட்டப் போனேன். மேடையில சீரு செஞ்சு வெக்கற அருமைக்காரர் ஏதாச்சும் கேட்டா நல்ல கொரலுல பதில் சொல்லலாமேங்கற ஆசை. நாலு தடவையும் போனை எடுக்காமத் திரும்பி வந்துட்டேன்.

நாப்பத்தொண்ணாவது நாளு காத்தால பத்து மணி இருக்கும். நான் துணி மடிச்சுக்கிட்டிருந்தேன், அத்தை கட்டில்ல உக்காந்து அவரைக்காய் நறுக்கிக்கிட்டிருந்தாங்க. நாக்குல செப்புக்காசு தட்டுச்சு. கையில இருந்த காந்தத்தை நெஞ்சு மேல ஓட்டுனேன். ஒண்ணும் ஆகலை. மறுக்கா ஓட்டுனேன். பத்துத் தடவை ஓட்டியிருப்பேன். "அத்தை"ன்னு கூப்பிட்டது வரைக்குந்தான் நெனப்பு இருக்குது.

முழிச்சப்ப தரையில கெடக்கறேன். தலைக்குத் தலகாணி வெச்சிருந்தாங்க, ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, ரவிக்கை ஊக்கைக் கழட்டி உட்டிருந்தாங்க. மேலு முழுக்க அடிச்சுப்போட்ட வலி. இது பழைய வலிப்பு, அஞ்சு நிமிசத்து வலிப்பு. மொதல்ல அழுகை வந்துச்சு. இன்னும் ஏழே ஏழு நாளு. அப்பறம் அத்தையைத் தேடுனேன். பீரோவுக்கு முன்னால எனக்கு முதுகைக் காட்டி அசையாம நின்னுக்கிட்டிருந்தாங்க. சாமி முடிச்சு தரையில கெடக்கக்கூடாதுன்னு எடுத்து பீரோ மேலே வெக்கப் போயிருக்கறாங்க. அது மேலே போகலை. பாதி வழியில டப்புன்னு பீரோக் கதவுல ஒட்டிக்கிட்டு நின்னுபோச்சு.

நான் அதைப் பாத்தேன். அவிய என்னையப் பாத்தாங்க.

"அத்தை, எந்தக் கோயில்ல மந்திரிச்சது இது?"

"உன்ற ஊட்டுக்காரன் பட்டறையில. அலமாரியில பழைய டைனமோ காந்தம் ஒண்ணு கெடந்துச்சு."

எழுந்து உக்காரத் தெம்பில்லை, இருந்தா என்ன பண்ணியிருப்பேனோ. "என்னைய உழ வெக்கறதுக்கே வந்தீங்களா"ன்னு கேட்டுப்போட்டேன். அத்தனை பெரிய கொரலு இருக்கற பொம்பளை, மெதுவாப் பேசுனாங்க.

"ஒரு தடவை தேச்சா நிக்கும்னு சொன்னான். அப்ப எப்பவும் அங்கயே இருந்தா வரவே வராதல்லன்னு நெனச்சேன் கண்ணு. கொரலும் நின்னுதல்லோ. பாத்தியா, நல்லாகுதுன்னு நெனச்சேன்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமல்ல?"

"சொன்னா நீ கேட்டிருப்பியா? நான் என்ன சொன்னாலும் நக்கலடிப்பே. சாமின்னு சொன்னாத்தான் நீ மாட்டிக்குவேன்னு..."

அவிய சொன்னது நெசம். ஊக்கு ஒட்டிக்கிட்டு நின்னதைப் பாத்ததும், போனுக்கிட்ட நாலு தடவை போய்த் திரும்பி வந்ததும் நாந்தானுங்களே. இதுல அவியளை மட்டும் எப்படித் திட்டறது.

"அப்ப மண்டலம் போச்சுங்களா அத்தை?"

அத்தை நறுக்கி வெச்ச அவரைக்காயைக் கொஞ்ச நேரம் பாத்தாங்க. வெரலை மடக்கி என்னமோ கணக்குப் போட்டாங்க. அப்பறம் பழைய கொரலு வந்துருச்சு. "இது உன்ற வலிப்பு கெடையாது. நான் வர வெச்சது, என்ற வலிப்பு. மண்டலத்துல சேராது. நாளைக்கு நாப்பத்திரெண்டு"ன்னாங்க. சட்டம் போட்டவங்களே சொன்ன பொறகு நான் எதுக்கு மறுத்துப் பேசறேன்.

மத்தியானமே டாக்டருகிட்டப் போனோம். அத்தையே எல்லாத்தையும் சொன்னாங்க, முடிச்சையும் எடுத்து மேசை மேலே வெச்சாங்க. அது அவரோட ஸ்டேப்ளருகிட்ட நகந்து போச்சு. டாக்டரு கண்ணாடியைக் கழட்டித் தொடச்சாரு.

"காந்தம் ஒரு தடவை கடந்து போனா மிசினுக்குக் கூடுதல் வேலைங்க அம்மா. அங்கயே உக்காந்துட்டா லீவு. நீங்க பதினேழு நாளு லீவு உட்டிருக்கறீங்க." அப்பறம் என்ற பக்கம் திரும்புனாரு. "உங்களுக்குக் கொரலு மாறலைன்னதும் தெரிஞ்சிருக்கணுமே புவனா." தெரிஞ்சுதுங்கன்னேன். நெஞ்சு மேல ஒரு கருவியை வெச்சு மிசினை சோதிச்சாரு, நல்லாத்தான் ஓடுச்சு, "பாருங்க"ன்னு நான் சொன்னது ஆம்பளைக் கொரலுல வந்துச்சு. ஏழு மாசமா திட்டுன கொரலு அன்னிக்குக் கேக்கறதுக்கு நல்லாவே இருந்துச்சு.

கலியாணத்துல வராதுங்களான்னு கேட்டேன். "வராதுன்னு நான் எழுதித் தர முடியாது. இது கொறைக்கும், பாதியாக்கும், வந்தாலும் சுருக்கமா முடிக்கும். அடியோட நிறுத்தற மருந்து எங்கிட்ட இல்லை. மேடையில காந்தத்தை உங்க தம்பி கையில குடுத்து வையுங்க"ன்னாரு. அத்தை அதை நாலு தடவை திருப்பிக் கேட்டுக்கிட்டாங்க. இந்தத் தடவை வெளக்கம் முழுசா முடியற வரைக்கும் ஆரையும் எந்திரிக்க உடலை.

ஏழு நாளும் ஒண்ணும் வரலைங்க. ஆவணியில கலியாணம். வெள்ளகோவில்ல மண்டபம் நெறைஞ்சு ஒறம்பரை. வாசல்ல எறங்குனதும் சித்தி பழைய பழக்கத்துல வந்து கையைப் புடிச்சாங்க. "வா கண்ணு, உள்ளார..." அத்தை குறுக்க வந்து, "மண்டலம் முடிஞ்சாச்சு. நாஞ்சாட்சி. மேடைக்குப் போ"ன்னாங்க. பொய் சொல்லற மொகமே இல்லை. அவிய கணக்குல அது பொய்யும் இல்லை. ஆனா சாந்தாமணியையும் பட்டுச்சேலை கட்டி மேடைக்குக் கீழ நிக்க வெச்சிருந்தாங்க. எனக்குச் சுருக்குன்னுச்சு. நம்பிக்கை இருந்தா மாத்து ஆளு எதுக்குங்க?

மேடை ஏறுனேன். கதிர்வேல் மாலையோட நின்னான், மாலைக்குள்ள கையை உட்டு என்ற காந்தத்தைக் காட்டுனான். சீரு செய்யற அருமைக்காரரு ஈஸ்வரமூர்த்தின்னு, பெரிய மனுசரு, இந்த வட்டாரத்துல ஒரு வார்த்தை பிசகாம செய்யறவரு. பேழைமூடியை என்ற தலையில வெச்சாங்க. கூறைச்சேலையைப் பிரிச்சு ஒரு முனையைத் தம்பி கையில குடுத்து, இன்னொரு முனையை என்ற கையில குடுத்தாரு. கீழ அத்தனை பேரும் என்னையப் பாத்தாங்க. உழுவாளான்னு பாத்தாங்களோ, நல்லா நிக்கறாளேன்னு பாத்தாங்களோ, எனக்குக் கவலையே இல்லை. சந்தோசமா இருந்துச்சுங்க. அதைத் தவிர சொல்றதுக்கு வேற வார்த்தை இல்லை.

அப்பத்தான் நாக்குல செப்புக்காசு தட்டுச்சு.

"கதிரு"ன்னேன். அவனுக்குப் புரிஞ்சுபோச்சு. காந்தத்தை எடுத்து என்ற நெஞ்சு மேல ஒரு தடவை ஓட்டுனான். கழுத்துக்குள்ள கரண்டு ஓடுனது தெரிஞ்சுது. ஆனாலும் கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. அவனே என்னையத் தோளோட புடிச்சு மெதுவா உக்கார வெச்சான். ஆரோ தலையிலருந்து கூடையை எடுத்தாங்க. அதுக்கப்பறம் நடந்தது ஊட்டுக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மண்டபமே ஓன்னு எந்திரிச்சிருச்சாம். சித்தப்பன் ரெண்டு ஆளைக் கூட்டிக்கிட்டு, "உள்ளார தூக்கிட்டுப் போங்க"ன்னு மேடை ஏறியிருக்கறாரு. அதுக்குள்ள அத்தை வந்து என்ற தலையை மடியில எடுத்து வெச்சுக்கிட்டு உக்காந்துட்டாங்களாம்.

"ஆரும் தூக்க வேண்டாம். இங்கயே இருப்பா."

"அத்தனை பேரு பாக்கறாங்கக்கா."

"பாக்கட்டும். ஒரு நிமிசத்துல முடிஞ்சிரும். வலிப்புதானே, கையில இரும்பு குடுக்கற வேலையெல்லாம் ஆரும் பண்ணாதீங்க." அப்பறம் கூட்டத்தைப் பாத்து அந்தப் பஸ் ஸ்டாண்டுக் கொரலுல சொன்னாங்களாம். "முகூர்த்தத்துக்கு இன்னும் முக்கா மணி நேரம் கெடக்குது. நின்னு வேடிக்கை பாக்கறதுக்குப் பதிலா எல்லாரும் போய் ஆளுக்கொரு காப்பி குடிச்சுட்டு வாங்க. வந்ததும் சீரு நடக்கும்."

கோபிக்காரங்க ஒருத்தரும் பஸ்சு ஏறலையாம். பொண்ணோட மாமன் மொத ஆளா எந்திரிச்சு, "காப்பி எந்தப் பக்கமுங்க"ன்னு கேட்டாராம்.

நான் கண்ணு முழிச்சப்ப அத்தை மொகந்தான் தெரிஞ்சுது. அப்பறம் கூரை, அப்பறம் தம்பி. கீழ அறுநூறு பேரு டம்ளரும் கையுமா என்னையவே பாத்துக்கிட்டு நிக்கறாங்க. வலிப்பு ஒரு நிமிசத்துக்குள்ளயே உட்டுருச்சாம், தெளியத்தான் பத்து நிமிசம் ஆயிருச்சாம். ஆனா எனக்கு அதுல மனசு தேறலைங்க. நான் உழுந்துட்டேன். ஆரு முன்னால உழக்கூடாதுன்னு அஞ்சு வருசம் ஒளிஞ்சிருந்தேனோ, அத்தனை பேரு முன்னாலயும் உழுந்துட்டேன். வெக்கம் புடுங்கித் தின்னுச்சு.

"சாந்தாமணியை நிக்கச் சொல்லிருங்க அத்தை"ன்னேன். மனசாரத்தான் சொன்னேன்.

"நான் வேண்டாம்னுதான் சொன்னேன். உன்ற சித்தப்பன் கேக்கலை, அவளை மேடைக்கே கூட்டிக்கிட்டு வந்துட்டான். நீதான் குடுக்க மாட்டேனுட்டே."

"நானா?"

அத்தை என்ற வலது கையைத் தூக்கிக் காட்டுனாங்க. கூறைச்சேலை முனை இன்னும் என்ற புடிக்குள்ளதான் இருந்துச்சு, கசங்கிப் போய். வலிப்புல மூடுன கை. மூணு பேரு வெரலைப் பிரிச்சுப் பாத்தாங்களாம், முடியலையாம். நாலாவதா வந்தவன் கையை அத்தை தட்டி உட்டு, "உடு, அது அவ கையிலதான் இருக்கோணும்"னு சொல்லிப்போட்டாங்களாம். மறுமுனை கதிர்வேல் கையில இருந்துச்சு. அவனும் உடாம என்ற பக்கத்துலயே தரையில உக்காந்திருந்தான், மாலையெல்லாம் ஒரு பக்கமா நசுங்கி.

"எந்திரிக்க முடியுமாக்கா?"ன்னான்.

அவன் தோளைப் புடிச்சுக்கிட்டு எந்திரிச்சேன். சாந்தாமணி கீழருந்த பேழைமூடியை எடுத்துக்கிட்டு வந்து அவளே என்ற தலையில வெச்சுட்டு எறங்கிப் போனா. அருமைக்காரரு காப்பி டம்ளரைக் கீழ வெச்சு, துண்டுல வாயைத் தொடச்சுக்கிட்டு, உட்ட எடத்துலருந்து ஆரம்பிச்சாரு.